படத்தில் பாதி தெரிகிறவர்கள்

பிரபு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக விக்கியின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஈரத்துணியால் துடைத்தேன். தினமும் செய்கிறதுதான். நம் ஊர்க் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் விடிவதற்குள் கண்ணாடியின் மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்துவிடுகிறது. காய்ந்த துணியால் துடைத்தால் கோடு கோடாக இழுத்துக்கொண்டு இன்னும் மங்கிப்போகும். ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்டிக் மாலையை உதறி, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். இன்று மாட்டவில்லை. படம் மேசையின் மேல் என் எதிரில் கிடக்கிறது. அப்பா உப்பளத்துக்குப் போயிருக்கிறார். பாத்திகளை மிதித்துக் காயவைத்து, தண்ணீர் விடுகிற நாட்கள் இவை, சீக்கிரம் வரமாட்டார். அவர் வந்து காலியான ஆணியைப் பார்த்துக் கேட்பதற்குள் உனக்கு இதை எழுதி முடிக்க வேண்டும்.

முந்தாநாள் அப்பாவிடம் போனில் பேசினாய். மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்பவேண்டும் என்றாய். "நேரா பெங்களூர்லேருந்தே ஏறிடுறேன்பா, அங்க வந்துட்டுப் போனா அலைச்சல்" என்றாயாம். அப்பா "சரிப்பா, உன் சௌகரியம்" என்று சொன்னது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு வந்து, "அலைச்சலாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டார். நீ வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து நம் வீட்டுக்கு வர ஒரு ராத்திரி பஸ் போதும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். விக்கியின் காரியம் முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. தீபாவளிக்கு லீவு இல்லை என்றாய், பொங்கலுக்கு ஷிஃப்ட் என்றாய். நான் ஒவ்வொன்றையும் நம்புவதுபோல் கேட்டுக்கொண்டேன். இந்த வீடு உனக்கு ஏன் ஆகாமல் போனது என்று எனக்குத் தெரிந்ததாகத்தான் நினைத்திருந்தேன். பாதிதான் தெரிந்திருக்கிறது. மீதியைச் சொன்னவர்கள் என் மாணவர்கள்.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் ஆண்டு மலர் போடுகிறார்கள். படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதப் பிள்ளைகளைப் பழக்குகிற வேலையை எச்.எம். சார் என்னிடம் கொடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு, விக்கியோடு படித்த பிள்ளைகள். அந்த வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் மூன்றாவது பெஞ்சைப் பார்க்காமல் மேசை வரைக்கும் நடக்க நான் பழகிக்கொண்டிருந்தேன். அவன் அங்கே உட்கார்ந்திருந்தபோது என்னை "மிஸ்" என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டிலும் "மிஸ், இன்னொரு தோசை" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வானே, நீ அவனை அதற்கு எப்படி ஓட்டுவாய்! அதெல்லாம் ஞாபகம் வராமல் இருக்கவாவது ஒரு புது வேலை நல்லது என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை நீ பார்த்திருக்க வேண்டும். விளையாட்டு விழாப் படத்துக்கு "வெற்றிக்களிப்பில் மாணவச் செல்வங்கள்." சுற்றுலாப் படத்துக்கு "ஆனந்த வெள்ளத்தில் நீந்திய தருணம்." எந்தப் பள்ளிக்கூடத்தின் எந்தப் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். நான் விளையாட்டு விழாப் படத்தைக் கையில் எடுத்து, "இதுல யார் ஜெயிச்சது?" என்று கேட்டேன். உனக்கு ஜெகனைத் தெரியும், விக்கியோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிவானே, அவன்தான் படத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவன். அவன் எழுந்து, "ஜெயிக்கவே இல்ல மிஸ். நாங்கதான் கடைசி" என்றான்.

"அப்புறம் ஏன்டா இப்படிச் சிரிக்கிற?"

"ஓடும்போது ஷூ கழண்டுடுச்சு மிஸ். பறந்து போயி நேரா எச்.எம். சார் மடியில விழுந்துச்சு. அவரு எழுந்து சல்யூட் வச்சாரு."

வகுப்பே சிரித்தது. அதைத்தான் எழுதவேண்டும் என்றேன். சிரிக்கிறார்கள் என்பது படத்திலேயே தெரிகிறது. அதைத் திரும்பச் சொல்ல ஒரு வரியை வீணாக்க வேண்டாம். படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பதைப் படம் சொல்லாது, அதை நாம்தான் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் போய்க் கேட்க வேண்டும், ஊகித்து எழுதக்கூடாது. இருபது வருஷம் கழித்து யாராவது ஒருத்தர் இந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, இது யார் என்று விரல் வைத்துத் தேடக்கூடாது. பரிசளிப்பு விழாப் படத்தில் மேடையில் இருந்த பெரியவர்கள் பெயரை மட்டும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கோப்பைத் தட்டைப் பிடித்திருந்த பெண் பாதிதான் விழுந்திருந்தாள், ஒரு முழங்கையும் வளையலும். அவள் பெயர் எங்கே என்றேன். கூனிமேட்டிலிருந்து வருகிற ரெஹானா, வகுப்பிலேயே கெட்டிக்காரி, எதையும் லேசில் விடமாட்டாள், அவள் கேட்டாள்: "தட்டு புடிச்சிட்டிருக்கிற கைக்குமா மிஸ் பேரு?"

"கைக்கும்தான். படத்துக்குள்ள வந்துட்டா அவங்களுக்கும் பேர் உண்டு."

சொல்லும்போது எனக்கு அது வெறும் பாடம்தான்.

அடுத்த வாரமெல்லாம் பிள்ளைகள் பள்ளி முழுக்கச் சுற்றினார்கள். சத்துணவு ஆயாவிடம் போய் "இந்தப் போட்டோல ஏன் ஆயா மொறைச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டு, "சோறு பத்தலன்னு ஒருத்தன் வந்து நின்னான், அதே நேரத்துல போட்டோக்காரனும் வந்து நின்னான்" என்று பதில் வாங்கி வந்தார்கள். மலர் நிறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் கடைசி மணி அடித்த பிறகு ரெஹானாவும் ஜெகனும் கணினி அறையில் நின்றார்கள். "மிஸ், ஒரு பக்கம் பாக்கி இருக்குது" என்றாள் ரெஹானா. எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஜெகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நம்ம விக்கி பக்கம் மிஸ்" என்றான். என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மற்றதையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் வந்திருக்கிறார்கள், பாவம் பிள்ளைகள்.

திரையில் இருந்தது இந்த மேசையில் கிடக்கிற இதே படம். கண்ணீர் அஞ்சலி பேனரில் இருந்த படம். அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. விக்கிக்குத் தனியாக ஒரு போட்டோ கிடையாது. தனியாக நிற்கச் சொன்னால் நிற்கமாட்டான், யாரையாவது இழுத்துக்கொள்வான். பள்ளி அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்ததற்கு ஃபிளெக்ஸ் கடைக்காரர், பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்றாராம். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவருவதற்குள் முச்சந்தியில் பேனர் கட்டவேண்டும் என்று உன் சித்தப்பாவுக்கு அவசரம். விக்கியின் வாட்ஸ்அப்பில் இருந்த படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார், நீங்கள் இரண்டு பேரும் உப்பு அம்பாரத்துக்கு முன்னால் நிற்கிற படம். கடைக்காரர் உன்னை வெட்டிவிட்டு, உப்பை அழித்துவிட்டு, பின்னால் வானமும் புறாவும் விளக்கும் வைத்தார். முகத்தையும் வெளுப்பாக்கினார். அந்த ஃபைலைத்தான் பிறகு சட்டம் போட்டு வீட்டில் மாட்டினோம்.

ரெஹானா படத்தைப் பெரிதாக்கினாள். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, பாதி தெரியறவங்களுக்கும் பேர் போடணும்னு. இங்க தோள் மேல நாலு விரல் இருக்குது. யாருதுன்னு கேட்டு எழுதணும்ல?" ஜெகன் "ஏய், சும்மா இரு" என்றான். நான் பார்த்தேன், பிரபு. தினமும் காலையில் என் கையால் துடைக்கிற படம். முகத்தோடு சேர்த்து விரல்களும் வெளுத்துப்போனதால் சட்டையின் மடிப்பு என்றே என் கண் பழகியிருந்தது. மோதிர விரல் நுனி கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தது. கார்க் பந்து பட்டு ஒடிந்து, கட்டுப் போட்டும் நேராகாத விரல். நான்தான் உன்னைப் பாண்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன், எனக்குத் தெரியாதா அந்த விரல்!

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அன்று நீ முச்சந்தியில் அந்த பேனருக்கு அடியில் நெடுநேரம் நின்றாய். வெயிலில் நிற்காதே என்று யாரோ வந்து இழுத்துப்போனார்கள். அதற்குப் பிறகு நீ பேன்ட் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வந்தவர்கள் கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்க வந்தபோதும் தலையை மட்டும் ஆட்டினாய். கொள்ளி வைக்கக் கூப்பிட்டபோது சித்தப்பா உன் மணிக்கட்டைப் பிடித்துக் கையை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. பையன் உறைந்துபோய்விட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ பார்த்ததை நாங்கள் ஒருத்தருமே பார்க்கவில்லை. உன்னை வெட்டி எறிந்துவிட்டு, உன் விரலை மட்டும் அவன்மேல் விட்டுவைத்திருந்தோம். அவனைத் தள்ளிவிட்ட கை என்றுதானே நீ அதைப் படித்திருப்பாய்.

அன்றைக்கு நடந்ததை ஒருமுறையாவது நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். நீ பஸ்ஸிலிருந்து கூப்பிட்டு, "கூனிமேட்டுல இறங்குறேன், விக்கி எருமைய வண்டி எடுத்துட்டு வரச் சொல்லும்மா" என்றாய். நான்தான் அவனிடம் சொன்னேன். சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அப்பா. மூன்று பேரும் சேர்ந்துதான் அவனை அனுப்பினோம். அனுப்பியதுகூட இல்லை, "அண்ணன் வர்றான்" என்று சொன்னதுமே அவன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான். கண்ணாடி முன்னால் தலையை வாரினான். "அண்ணனைப் பார்க்கப் போறதுக்கு எதுக்குடா சீப்பு?" என்று கேட்டேன். "பஸ் ஸ்டாப்புல நாலு பேர் பாப்பாங்கல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவனைக் கடைசியாகப் பார்த்தவள் நான். அவன் சந்தோஷமாகப் போனான். அவன்மேல் மோதிய லாரி செய்ததை உன் போன் செய்ததாக நீ வைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா தன் சாவி செய்ததாக வைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு ஒன்று தெரியுமா, அந்தக் கூனிமேட்டு நிறுத்தத்தில் நம் வீட்டில் இப்போது யாரும் இறங்குவதில்லை. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறோம்.

கணினி அறையில் நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஜெகன் பயந்துவிட்டான். "அது பிரபு அண்ணன் கை மிஸ். போட்டோ எடுத்தது நான்தான்" என்றான். எடுப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன். வகுப்பில் கேட்டுக் கேட்டு வாயில் வந்துவிட்டது. அவன் சொன்னான்: "இவன் அம்பாரத்து மேல ஏறி டான்ஸ் ஆடிட்டிருந்தான் மிஸ். உப்பு சரியுது, எறங்குடான்னு இவன் அப்பா கீழருந்து கத்துறாரு. இவன் கேக்கல. அண்ணன்தான் மேல ஏறிப் போயி, காலைப் புடிச்சி இழுத்து எறக்கினாரு. எறக்கிட்டும் விடல. திரும்ப ஏறிடுவான்னு தோளைப் புடிச்சிக்கிட்டே நின்னாரு. நான் 'அண்ணே, போஸ் குடுங்க'ன்னேன். 'போஸா? நான் விட்டா இவன் ஓடிடுவான்டா, சீக்கிரம் எடு'ன்னாரு."

அந்தப் படத்தை எத்தனையோ முறை விக்கியின் போனில் பார்த்திருக்கிறேன். உப்பின் வெள்ளைக் கூசலில் இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பீர்கள். பாசமாகத் தோளில் கை போட்டிருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீ போஸ் கொடுக்கவில்லை, அவன் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். படத்தைப் பார்த்தால் அது தெரியாது. பக்கத்தில் இருந்தவனைக் கேட்டால்தான் தெரியும்.

பிள்ளைகள் இரண்டு பேரும் மறுநாளே குறிப்பு எழுதிவிட்டார்கள். முழுப் படத்தையே போடலாம் என்றார்கள். எச்.எம். சார் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "உயிரோட இருக்கிற பையனை அஞ்சலிப் பக்கத்துல போடலாமா மேடம்? நாளைக்கு உங்க மனசே கேக்காது." அவர் முடிப்பதற்குள் நான் வேண்டாம் என்றேன். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில்கூட இருப்பவர்கள் படத்தை மாட்டாத ஊர் நம்முடையது. படித்தவள், நாலு பேருக்குப் பாடம் சொல்கிறவள், ஆனாலும் மிச்சம் இருக்கிற ஒரு பிள்ளையைக் கறுப்புக் கட்டத்துக்குள் பார்க்க என் வயிறு ஒப்பவில்லை. பாண்டியில் அச்சகத்துக்காரர் போனில், "பேனர் படத்தையே போட்டுடலாம் மேடம். அந்த விரலை மட்டும் எடுத்துடறேன், தெரியவே தெரியாது" என்றார். சரி என்றேன். ரெஹானா தான் எழுதிய தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

நேற்று மாலை திருத்துவதற்காக அச்சடித்த பக்கங்கள் வந்தன. விக்கியின் பக்கத்தைப் பிரித்தேன். சுத்தமான வேலை. சட்டையின் கோடுகள் தோள் வரைக்கும் அறுந்துபோகாமல் ஓடுகின்றன. அங்கே ஒரு கை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். யாரும் தொடாத தோளோடு என் பிள்ளை தனியாக நிற்கிறான், ஒருநாளும் தனியாக நிற்காதவன். அதைப் பார்த்து நான் அழுததுபோல் அவனைக் கொண்டுவந்த அன்றுகூட அழவில்லை. அதற்கு முதல் நாள்தான் நீ மஸ்கட் போகிறேன் என்று சொல்லியிருந்தாய். சுவரில் ஒரு பிள்ளை, அவன் தோளில் இருந்த கையையும் எடுத்தாகிவிட்டது. இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது.

நீ போ, பிரபு. வேலை நல்ல வேலை, போகாதே என்று சொல்லமாட்டேன். அங்கே போன பிறகு "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி எழுதி, கட்டடத்துக்கு முன்னால் நிற்கிற போட்டோவை மட்டும் அனுப்பாதே. பக்கத்தில் நிற்பவன் பெயர் என்ன, எந்த ஊர்க்காரன், போட்டோ எடுப்பதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள், சாப்பிட்டாயா, அதை எழுது. பாக்கெட்டிலிருந்து கையை எடு. யாராவது கை கொடுத்தால் கொடு. இங்கே அது யாரையும் தள்ளிவிட்ட கை இல்லை. அதை உன்னிடம் சொல்லவேண்டியவர்கள் நாங்கள். இவ்வளவு நாள் சொல்லாமல் அந்தக் கையையும் சுவரில் மாலை போட்டு மாட்டி வைத்திருந்தோம்.

திங்கட்கிழமை திருத்திய பக்கங்களை எடுத்துக்கொண்டு நான்தான் பாண்டிக்குப் போகிறேன். கறுப்புக் கட்டம் போட்ட அந்தப் பக்கத்தையே எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். அஞ்சலி என்று ஒரு பக்கம் வேண்டாம். ஜெகன் எடுத்த முழுப் படம் மற்றப் பிள்ளைகள் படங்களுக்கு நடுவில் வரட்டும், ஷூ பறந்த படத்துக்குக் கீழே இடம் இருக்கிறது. அதற்கு ரெஹானா எழுதிய குறிப்பை அப்படியே போடப்போகிறேன்: "விக்னேஷ், அவனுடைய அண்ணன் பிரபு. உப்பு அம்பாரத்தின் மேல் ஏறி ஆடிய தம்பியை அண்ணன் இப்போதுதான் இறக்கிவிட்டிருக்கிறார். மறுபடி ஏறிவிடாமல் தோளைப் பிடித்திருக்கிறார். படம்: ஜெகன்." உனக்கு இது பிடிக்காமல் போகலாம். கோபப்பட்டாவது என்னைக் கூப்பிடு. எச்.எம். சாரிடம் இன்னும் சொல்லவில்லை, ரெஹானாவிடமும் சொல்லவில்லை. இப்போது அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்கிறது, அவரிடமும் சொல்லப்போவதில்லை. அச்சகத்திலிருந்து திரும்பும்போது நான் கூனிமேட்டிலேயே இறங்கிவிடப்போகிறேன்.

அம்மா